இரண்டு மணிக் குறிப்பு

விளக்கு வந்த பிறகு திருப்பூரில் பொய் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு வேலை கிடைப்பதுதான் குறைந்தது. செங்கோட்டுவேல் இதை மெர்லின் டீச்சரின் வகுப்பில் பதினைந்து நாள் உட்கார்ந்து, பதினைந்து நாளும் தோற்றுத் தெரிந்துகொண்டார்.

மெர்லின் டீச்சர் முன்பு அதே மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தியவர். செல்போனே எல்லா மொழியும் பேச ஆரம்பித்ததும் இங்கிலீஷுக்கு ஆள் வராமல் போயிற்று. போர்டை மட்டும் மாற்றி எழுதி, மெய்விளக்கு நேர்முகப் பயிற்சி என்று தொடங்கிவிட்டார். பெஞ்சுகள் அதே பெஞ்சுகள். சுவரில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று பழைய அட்டவணை இன்னும் தொங்கியது. அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

விளக்கு பார்வைக்குப் பெரிய சமாச்சாரம் இல்லை. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, மேலே ஒரு கண்ணாடிக் குமிழ். பெட்டியிலிருந்து வரும் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். மெய்யென்றால் பச்சை, பொய்யென்றால் சிவப்பு. பாய்லர், லிஃப்ட், கிரேன், ஆம்புலன்ஸ் மாதிரியான வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது விளக்கு கட்டாயம் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் சட்டம் வந்தது. இந்த வேலைகளில் ஒருவன் பொய் சொன்னால் இன்னொருவன் உயிர் போகும் என்பது சட்டம் சொன்ன நியாயம். அந்த நியாயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேர்முகத்தில் மூன்று முறை சிவப்பு விழுந்தால் லைசென்ஸ் ஆயுசுக்கும் ரத்து. செங்கோட்டுவேலுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது.

நாற்பத்தாறு வயது. அதில் பதினெட்டு வருஷம் சாயப்பட்டறை பாய்லர் முன்னால் போயிற்று. மணிக்கு ஒரு தடவை கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பதும், பார்த்ததைப் புத்தகத்தில் எழுதுவதும் உடம்போடு ஊறிப்போன மனிதர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மணி அடித்தால் கை சட்டைப் பையில் பேனாவைத் தேடும். மனைவி வசந்தாமணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது இரண்டு வருஷமாக அவள் சிரிப்பதில்லை.

அந்த இரண்டு நேர்முகத்திலும் ஐந்தாவது கேள்விதான் அவரைக் காவு வாங்கியது. உங்கள் வேலையால் யாருக்காவது உயிர்ச்சேதம் ஏற்பட்டதா? ஆம் அல்லது இல்லை. வேறெதுவும் சொல்லக்கூடாது. அரசாங்க விசாரணை அறிக்கையில், இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த பாய்லர் விபத்துக்குக் காரணம் அறியப்படவில்லை, ஆபரேட்டர் மீது நடவடிக்கை இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தத் தெம்பில் அவர் இல்லை என்பார். விளக்கு சிவப்பாக எரியும்.

விபத்தன்று நடந்ததில் அவருக்குப் பாதிதான் நினைவிருந்தது. மதியம் ஒன்றரை மணிக்கு, விறகு தள்ளும் மாரப்பன் தன் டப்பாவிலிருந்து மாங்காய் ஊறுகாயை எடுத்து இவருடைய டப்பா மூடியில் வைத்தார். அடுத்த நினைவு ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் பாய்லர் வெடித்திருந்தது. மாரப்பனைப் போர்வையில் சுற்றித்தான் எடுத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். தண்ணீர் ஏற்றும் பம்ப் பத்து நாளாகவே மக்கர் செய்துகொண்டிருந்தது. மேனேஜர் பொன்னுரங்கத்திடம் இரண்டு தடவை சொல்லியும், ஏற்றுமதிச் சரக்கு போகட்டும் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தார். ஆனால் பம்ப் நின்றாலும் இரண்டு மணிக்குக் கண்ணாடியைப் பார்த்திருந்தால் தண்ணீர் இறங்கியது தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அடுப்பு நெருப்பை வெளியே இழுத்துப் போட்டு பாய்லரை அணைத்திருக்கலாம்.

அவர் பார்க்கவில்லை. அதைச் சொன்னவர் பொன்னுரங்கம்தான். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்து, குனிந்து சொன்னார்.

"ரெண்டு மணிக்கு நீ எழுதலை வேலு. புக்கை நான் பார்த்தேன். சாப்பிட்ட களைப்புல கண்ணசந்திருப்பே, மனுசன்தானே. புக்கு எரிஞ்சு போச்சுன்னு ஆபீசருங்ககிட்டச் சொல்லிட்டேன். நீயும் வாயத் தொறக்காதே."

செங்கோட்டுவேல் கட்டுப்போட்ட கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றிய மனிதர் அல்லவா. அதற்குப் பிறகு மாரப்பனின் மனைவி துளசிமணியை ரேஷன் கடைப் பக்கம் பார்க்கிறபோதெல்லாம் சந்துக்குள் நுழைந்துவிடுவார். அவள் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார்.

மெர்லின் டீச்சர் முதல் நாளே விஷயத்தைப் பிட்டு வைத்துவிட்டார். அன்று வகுப்பில் கிரேன் வேலைக்குப் போகிற ஒருவன் இருந்தான். ஏணியைத் தவிர வேறெதிலும் ஏறியதில்லை. பத்து வருஷ அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான், விளக்கு பச்சைப் பசேலென்று எரிந்தது. செங்கோட்டுவேல் வாயைப் பிளந்து பார்த்தார்.

"வெளக்கு அங்க வந்து பார்த்துச்சாங்கண்ணா?" என்றார் டீச்சர். "பாய்லர் ரூம்ல என்ன நடந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? உங்க நெஞ்சு எதை நம்புதோ அதைத்தான் பார்க்கும். அந்தப் பையன் தன்னைப் பெரிய ஆளுன்னு மனசார நம்பறான், பச்சை. நீங்க கொன்னுட்டேன்னு நம்பறீங்க, இல்லைன்னா சிவப்பு. அவ்வளவுதான் அதோட சாமர்த்தியம்."

"அப்ப நான் என்னங்க பண்றது?"

"நம்பறதை மாத்தோணும். தெனம் நூறு தடவை சொல்லுங்க. ரெண்டு மணிக்குத் தண்ணி பார்த்தேன், எழுதினேன்."

சொன்னார். குளிக்கும்போது சொன்னார், பஸ்ஸில் உதட்டை அசைத்துச் சொன்னார், ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சத்தமாகவே சொல்லிவிட்டார். வசந்தாமணி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். வகுப்புக்கு வந்து பட்டையைக் கட்டினால், பார்த்தேன் என்ற வார்த்தை வாயை விட்டு வருமுன் மாரப்பன் வைத்த ஊறுகாய் கண்முன் வந்துவிடும். சிவப்பு. பதினைந்தாம் நாள் டீச்சரே பட்டையைக் கழற்றினார். அண்ணனுக்கு இது வராது, அடுத்த தடவை ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், யாரும் வேலை தரமாட்டார்கள், லைசென்ஸாவது மிஞ்சும் என்றார். அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இவர் கேட்டபோது டீச்சர் பட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.

வீட்டு நிலைமை வேறு நெருக்கியது. மகள் தன்யா இரண்டாம் வருஷக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றாள். காலையிலிருந்து மாலைவரை துணியில் ஓட்டையும் நூல் இழுப்பும் தேடுகிற வேலை. திரும்பி வந்து கண்ணில் ஈரத்துணி போட்டுப் படுத்துக்கொள்வாள். கல்லூரியில் அவள் பெயரைத் திங்கட்கிழமைவரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் பொன்னுரங்கம் போன் செய்தார். பெருந்துறைப் பக்கம் புது யூனிட், அவரே ஜெனரல் மேனேஜர், பாய்லருக்கு ஆள் வேண்டும். விளக்கு இருக்கிறதே என்று இவர் இழுத்தார்.

"உள்ளதைச் சொல்லு. ஆமான்னு சொல்லு. மத்தவன் எவனும் எடுக்க மாட்டான், நான் எடுத்துக்கறேன். எனக்குத் தெரியாத கதையா?"

அவர் தெய்வமுங்க என்று வசந்தாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தன்யா அன்று இரவு ஒரு பழைய பையை எடுத்துத் தூசி தட்டி ஆணியில் மாட்டினாள். அது அவளுடைய கல்லூரிப் பை.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு நேர்முகம். குளிரூட்டிய சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் பொன்னுரங்கம், இந்தப் பக்கம் இவர், நடுவில் விளக்கு. விளக்கை இயக்குவதற்கு அரசாங்கம் அனுப்பிய பெண் நசீமா. முப்பது வயதிருக்கும், ஒரு நாளைக்குப் பத்து நேர்முகம் பார்த்துச் சலித்த முகம். கம்பெனிக்கும் வேலை கேட்பவருக்கும் பொதுவாக இருக்க வேண்டியவள் என்பதால் யாரோடும் சிரிக்காமல் கேள்விகளைப் படித்தாள். பெயர், வயது, அனுபவம், குடிப்பழக்கம். நாலும் பச்சை.

"உங்கள் வேலையால் யாருக்காவது உயிர்ச்சேதம் ஏற்பட்டதா?"

செங்கோட்டுவேல் விளக்கைப் பார்க்காமல் சொன்னார். "ஆமாங்க."

பச்சை விழுந்தது. லைசென்ஸ் பிழைத்தது, வேலை கிடைத்தாயிற்று, தன்யாவின் பையும் ஆணியிலிருந்து இறங்கிவிடும். நியாயமாகப் பார்த்தால் நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருஷமாகத் தனக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது ஓர் எந்திரம் ஒப்புக்கொண்டுவிட்டது. செத்துப்போகலாம் போலிருந்தது அவருக்கு.

பொன்னுரங்கம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். இந்தப் பதிவில் ஒரு நகல் இன்றைக்கே தனக்கு வேண்டும், லேபர் கோர்ட்டில் கொடுக்க வேண்டும் என்று நசீமாவிடம் சொன்னார். விளக்குப் பதிவு கோர்ட்டில் செல்லும் என்பது செங்கோட்டுவேலுக்கும் தெரியும். எந்தக் கோர்ட் என்பதுதான் புரியவில்லை.

"மாரப்பன் சம்சாரம் கம்பெனி மேல மறுபடி மனுப் போட்டிருக்கா," என்றார் பொன்னுரங்கம், பேனாவை மூடியபடி. "தப்பு கம்பெனியோடது இல்லைன்னு காட்டோணும். நீ ஒரு நாள் வந்து நின்னு இதையே சொன்னாப் போதும். உனக்கு ஒண்ணும் ஆகாம நான் பார்த்துக்கறேன். வேலைக் கடிதம் வெளிய டைப் ஆயிட்டிருக்குது."

இதற்குத்தான் கூப்பிட்டாரா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றினால் என்ன செய்வது, தப்பு தன்னுடையதுதானே. துளசிமணி எதிரில் நிற்பாள், இவர் கூண்டில் நிற்பார். இத்தனை நாள் சந்துக்குள் ஒளிந்ததெல்லாம் வீணாகப் போயிற்று.

நசீமா கடைசி வரியைப் படித்தாள். விண்ணப்பதாரர் ஏதாவது கேட்க விரும்புகிறாரா?

இது சட்டத்தில் இருக்கிற விஷயம். வேலை கேட்பவரும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அப்போது பட்டை கழன்று மேசைக்கு அந்தப் பக்கம் போகும், கம்பெனிக்காரர் கட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஆனால் வேலை கொடுக்கிற மனிதர் கையில் பட்டையைக் கட்டச் சொல்லிக் கேள்வி கேட்கிற துணிச்சல் எவனுக்கு வரும். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. எல்லோரும் எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒண்ணுமில்லீங்க சார் என்பார்கள். மெர்லின் டீச்சரே அப்படிச் சொல்லத்தான் பயிற்சி கொடுத்திருந்தார். பொன்னுரங்கமும் பதிலுக்குக் காத்திராமல் காகிதங்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

செங்கோட்டுவேலும் பாதி எழுந்துவிட்டார். ஒண்ணுமில்லீங்க என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது துளசிமணி கோர்ட்டில் தன்னைப் பார்த்துக் கேட்கப்போவது நினைவுக்கு வந்தது. ரெண்டு மணிக்கு நீ என்ன பண்ணிட்டிருந்தே என்று கேட்பாள். அதற்கு அவரிடம் சொந்தமாகப் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் காதோடு கேட்ட ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்தப் பெண்பிள்ளைக்குச் சொல்லுமுன் அதை ஒரு தடவை சரியாகக் கேட்டுக்கொள்வது நல்லது என்று பட்டது.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

நசீமா நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் முகத்தில் ஓர் உயிர் தெரிந்தது. இந்த வேலைக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, கையேட்டைப் புரட்டிப் பார்த்து, பட்டையைக் கழற்றி பொன்னுரங்கத்தின் மணிக்கட்டில் கட்டினாள். அவர் சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினார். லீவு எத்தனை நாள் என்று கேட்பான் என நினைத்திருப்பார்.

"அன்னைக்கு ரெண்டு மணிக்கு நான் புக்குல எழுதியிருந்தனுங்களா, இல்லீங்களா? நீங்க புக்கைப் பார்த்தேன்னு சொன்னீங்க. துளசிமணியக்கா கேட்டா நான் சரியாச் சொல்லோணுமுங்க."

பொன்னுரங்கத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அதெல்லாம் இப்போது எதற்கு என்றார். நசீமா விதியைப் படித்தாள். பதில் சொல்லாவிட்டால் இந்த நேர்முகம் முழுவதும் ரத்து, இதுவரை பதிவான பதில்களும் செல்லாது. அதாவது அந்த ஆமாமும் செல்லாது. பொன்னுரங்கம் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார், உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இரண்டு வருஷமாகச் சொல்லிவரும் வார்த்தைதானே என்று தைரியம் வந்திருக்க வேண்டும்.

"எழுதலை."

விளக்கு சிவந்தது.

செங்கோட்டுவேலுக்கு உயிரே போய்விட்டது. மூன்றாவது சிவப்பு, லைசென்ஸ் போயிற்று, தன்யா படிப்பும் போயிற்று என்று பதறி இடது கையைப் பிடித்தார். கையில் பட்டை இல்லை. சிவப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகியவருக்கு, அது வேறொருவருக்கும் எரியும் என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மெஷினில் கோளாறு என்றார் பொன்னுரங்கம். அப்படியென்றால் இன்னொரு தடவை சொல்லுங்கள் சார் என்றாள் நசீமா.

"எழுதலைன்னா எழுதலைதான்."

மறுபடியும் சிவப்பு.

செங்கோட்டுவேலுக்கு நினைவு ஒன்றும் திரும்பி வரவில்லை. ஊறுகாய், அப்புறம் மின்விசிறி, நடுவில் அதே வெறுமை. ஆனால் அந்த வெறுமையில் இப்போது மணி இரண்டு அடித்தது, ஒரு கை பையிலிருந்து பேனாவை எடுத்தது. அது தன்னுடைய கை என்று அவருக்குத் தெரிந்தது. என்ன எழுதியிருப்பார் என்பதும் தெரிந்தது. தண்ணி இறங்குது, பம்ப் எடுக்கலை, மேனேஜருக்குச் சொன்னேன். அப்படித்தான் எழுதியிருப்பார். பதினெட்டு வருஷமும் அப்படித்தான் எழுதினார். நெருப்பை இழுக்க மேனேஜரின் உத்தரவு வந்திருக்காது. அதனால்தான் புக்கு எரிந்துபோனதாயிற்று. கொன்னுட்டேனேடா மாரப்பா என்று இரண்டு வருஷம் அழுத அழுகை வேறு, இப்போது வந்தது வேறு. மூக்கைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"அம்மிணி, அந்த அஞ்சாவது கேள்வியை எனக்கு மறுபடி கேளுங்க."

நேர்முகம் முடிவதற்குள் ஒரு பதிலை மாற்றிச் சொல்ல விதியில் இடமிருந்தது. நசீமா தயங்கினாள்.

"ஏற்கெனவே ரெண்டு சிவப்பு இருக்குதுங்கண்ணா. இன்னொண்ணு விழுந்தா என் கையில ஒண்ணுமில்லை."

"தெரியுமுங்க."

"வேலு, கடிதம் ரெடியா இருக்குது," என்றார் பொன்னுரங்கம். "புள்ளை காலேஜை நெனைச்சுப் பாரு. எந்திரிச்சுப் போயிரு. இதை இதோட விட்டுரலாம்."

பிள்ளையை நினைத்துத்தான் பார்த்தார். ஆணியில் தொங்கும் பை கண்முன் வந்தது. நசீமா பொன்னுரங்கத்தின் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றினாள். இவர் கையை நீட்டினார்.

"உங்கள் வேலையால் யாருக்காவது உயிர்ச்சேதம் ஏற்பட்டதா?"

இந்தத் தடவை விளக்கைப் பார்த்தே சொன்னார். "இல்லீங்க."

பச்சை.

நசீமா அச்சடித்த தாளில் ஐந்தாவது கேள்விக்கு இரண்டு வரி இருந்தது. மணி ஒன்று பன்னிரண்டுக்கு, ஆம், மெய். மணி ஒன்று முப்பத்தொன்றுக்கு, இல்லை, மெய். அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொன்னுரங்கத்தின் இரண்டு சிவப்பும் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்து, விண்ணப்பதாரர் நகலை மடித்து இவர் கையில் கொடுத்தாள். வேலைக் கடிதத்தை யாரும் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று வசந்தாமணிக்குப் போன் செய்தார்.

"வேலை இல்லை வசந்தா."

"மூணாவதும் சிவப்புங்களா?"

"இல்லை. பச்சை."

"பச்சை விழுந்தா ஏனுங்க வேலை கெடைக்கலை?"

அதற்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. வந்து சொல்கிறேன், வரக் கொஞ்சம் நேரமாகும், துளசிமணியக்கா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். திங்கட்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கல்லூரி சொன்ன கெடு அப்படியேதான் இருந்தது.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டார். ஏதோ ஒரு மில்லில் இரண்டு மணிச் சங்கு ஊதியது. அவருடைய விரல்கள் தாமாகவே பைக்குள் இறங்கிப் பேனாவைத் தேடின.